பவர் பிரஸ்ஸில் விரல் போகாமல் காக்கும் அமைப்புகளைச் சிறு பட்டறைகள் ஏற்கச் செய்வது எப்படி?

கோவைப் பகுதியில் ஒரு சிறு பட்டறைக்குப் போயிருந்தபோது, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த கம்பிவலைத் தடுப்பு ஒன்றைப் பார்த்தேன். முந்தைய ஆயுத பூஜைக்கு அதன் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தகட்டை அடித்து வெட்டவும் வளைக்கவும் உதவும் இயந்திரம் பவர் பிரஸ்; பீஸுக்கு வடிவம் தரும் அச்சு டை. மூன்றடி தள்ளி நின்ற 20 டன் பவர் பிரஸ்ஸின் டைக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்பு அது. அந்தப் பிரஸ்ஸில் உட்கார்ந்திருந்த பெண், தகட்டு வில்லையை இடது கையால் டைக்குள் வைத்து, காலால் பெடலை மிதித்து, அடி விழுந்ததும் அதே கையை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு இருபது முறை என்று வைத்தாலும், சாப்பாட்டு நேரம் போக ஏழு மணி நேரத்தில் 8,400 முறை அவருடைய விரல்கள் அந்த இடைவெளிக்குள் போய்வருகின்றன. அத்தனை முறையும் காலும் கையும் ஒன்றுக்கொன்று பிசகாமல் இருக்க வேண்டும்.

தடுப்பை ஏன் கழற்றினீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "போட்டா பீஸ் வர மாட்டேங்குதுங்க" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். தொழிலாளியின் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பவர். அந்தத் தடுப்பு அவருடைய டைக்கும் வேலைக்கும் பொருந்தாமல் யாரோ செய்துகொடுத்தது என்பதே உண்மை.

பவர் பிரஸ்ஸில் விரலைக் காக்கும் அமைப்புகள் எதுவும் இனிமேல் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. எல்லாமே பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. டை வரையும் மேசையிலும், இயந்திரம் வாங்கும் நாளிலும், விலை பேசும் கடிதத்திலும் அவை இடம்பெறாமல், விபத்து நடந்த பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டப்படுவதால்தான் ஒரு மாதத்தில் சுவருக்குப் போய்விடுகின்றன. எனவே சிறு பட்டறைகளை மாற்ற விரும்பும் சங்கப் பொறுப்பாளர்களும், வாங்கும் நிறுவனத்தின் தரப் பொறியாளர்களும், தொழிற்சங்கத்தினரும், பாலிடெக்னிக் ஆசிரியர்களும், அப்பாவின் பட்டறையில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் அந்த மூன்று இடங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது. அதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிளட்ச் எது என்று பாருங்கள்

பட்டறைக்குள் நுழைந்ததும் ஆலோசனை சொல்லத் தொடங்காதீர்கள். பிரஸ்ஸின் பின்பக்கம் போய், அதன் கிளட்ச் எந்த வகை என்று பாருங்கள். ஃப்ளைவீல் என்னும் கனமான சுழல்சக்கரத்தோடு, டையின் மேல் இறங்கி அடிக்கும் ராமை இணைப்பதும் விடுவிப்பதும் இந்தக் கிளட்ச்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லப்படும் எந்த யோசனையும் பணத்தை வீணாக்கும். சில சமயம் உயிருக்கும் ஆபத்தாக முடியும்.

சிறு பட்டறைகளில் உள்ள பழைய பிரஸ்களில் பெரும்பாலும் கீ (சாவி) கிளட்ச் அல்லது பின் (முளை) கிளட்ச்தான் இருக்கும். பெடலை மிதித்தவுடன் ஒரு சாவி ஃப்ளைவீலோடு போய்ப் பூட்டிக்கொள்ளும்; பூட்டிவிட்டால் ராம் முழுச் சுற்றையும் முடித்துத்தான் நிற்கும். நடுவழியில் நிறுத்த வழியே இல்லை. மோட்டாரை அணைத்தாலும் ஃப்ளைவீலில் தேங்கியிருக்கும் வேகம் இன்னும் ஓர் அடி அடிக்கப் போதுமானது. சாவியின் ஸ்பிரிங் தேய்ந்தோ உடைந்தோ போனால், ஒரு முறை மிதித்ததற்கு ராம் இரண்டு முறை இறங்கும். முதல் அடி முடிந்தது என்று நம்பிக் கையை உள்ளே விட்டவர்கள் விரலை இழப்பது இப்படித்தான்.

என் முதல் வேலையில் நான் செய்த தவறு இதில்தான். ஒளிக்கதிர்களில் கை குறுக்கிட்டால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை என்னும் லைட் கர்ட்டனைப் பற்றிப் படித்துவிட்டு, அதை எல்லாப் பிரஸ்களுக்கும் போட வேண்டும் என்று ஒரு நிர்வாகத்திடம் வாதாடினேன். அங்கிருந்த வயதான ஃபிட்டர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "திரையில கை பட்டதும் சிக்னல் போகும் தம்பி, ராமு நிக்கணுமே?" என்று கேட்டார். கீ கிளட்ச் பிரஸ்ஸில் ஒளித்திரை பொருத்தினால், கை உள்ளே இருப்பது இயந்திரத்துக்குத் தெரியும். ஆனால் அதனால் நிற்க முடியாது. தொழிலாளியோ சென்சார் இருக்கிறது என்ற தைரியத்தில் முன்பைவிட வேகமாகக் கையை விடுவார். ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட அது மோசம்.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்ற அமைப்பைப் பலரும் உடனே பரிந்துரைப்பார்கள். பழைய பிரஸ்ஸில் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பொத்தானிலிருந்து எடுத்த கை நொடிக்கு சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் டையை நோக்கிப் போகக்கூடும் என்பது இத்துறையில் நெடுநாளாகப் பயன்படும் அளவு. நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும் பிரஸ்ஸில் சாவி பூட்டுவதற்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது என்று கொள்ளுங்கள். பொத்தானை அழுத்திய கணத்தில் அந்த இடம் நூலிழையில் கடந்து போயிருந்தால், சாவி பூட்ட இன்னொரு முழுச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நொடி. பிறகு ராம் கீழே இறங்க அரை நொடி. ஆக, ஒன்றரை நொடியில் கை 2.4 மீட்டர் போய்விடும். அதாவது, பொத்தான்களை டையிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி வைத்தால்தான் அவை உண்மையில் காக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் பீஸ் வைத்து எடுக்க முடியாது. எனவே கீ கிளட்ச் பிரஸ்ஸுக்கு முதல் தீர்வு நிலையான தடுப்புதான்: டையைச் சுற்றி மூடிய கூண்டு, தகடு நுழையும் வாய் மட்டும் திறப்பு, அந்தத் திறப்பு 6 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது. அந்தச் சந்தில் தகடு போகும்; விரல் நுழைந்து, ராமோடு இறங்கும் மேல் அச்சான பஞ்ச்சை எட்டாது.

காற்றழுத்தத்தில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் உள்ள பிரஸ் வேறு கதை. அதை எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பதால் ஒளித்திரையும் இருகைப் பொத்தானும் அதில் பொருள் உள்ளவை. நிறுத்தச் சொன்னதிலிருந்து நிற்பதற்கு 0.2 நொடி ஆகிறது என்றால், அதே 1.6 மீட்டர் வேகத்துக்கு 320 மில்லிமீட்டர். ஒளிக்கதிர்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் சேர்த்து, அவ்வளவு தள்ளித் திரையைப் பொருத்த வேண்டும். பிரேக் லைனிங் தேய்ந்து அந்த நேரம் 0.3 நொடியானால் தூரம் 480 மில்லிமீட்டராகிறது. திரையோ பழைய இடத்திலேயே இருக்கும். நிற்கும் நேரத்தை அவ்வப்போது அளக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

பிரஸ்ஸின் அருகே அரை நாள்

அடுத்து, பிரஸ்ஸின் அருகே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அரை நாள் உட்காருங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் அதிகம். தடுப்புகள் சுவருக்குப் போவதற்கும் இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நிமிடத்துக்கு எத்தனை பீஸ் என்று எண்ணுங்கள். எந்தக் கை எதற்காக உள்ளே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வைக்கப் போகிறதா, எடுக்கப் போகிறதா, எண்ணெய் தடவவா, ஒட்டிக்கொண்ட ஸ்க்ராப்பைத் தட்டிவிடவா? நான் பார்த்த வேலைகளில் பலவற்றில், பீஸை வைக்கும் நேரத்தைவிட, அடித்து முடித்த பீஸ் பஞ்ச்சிலோ டையிலோ ஒட்டிக்கொண்டு வராமல் இருப்பதால்தான் கை ஆழமாக உள்ளே போகிறது. அதை ஒரு காற்றுக் குழாய் ஊதித் தள்ளிவிடும். அல்லது பிரஸ்ஸைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்துப் பொருத்தினால் பீஸ் தானாகவே பின்பக்கம் சரிந்து விழும். கையின் ஒரு பயணம் குறைந்தாலே எண்ணிக்கை கூடும். "போட்டா பீஸ் வராது" என்பதற்கான பதில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கிடைக்கும்.

தொழிலாளியிடம் பேசுங்கள்; ஆனால் முதலாளியின் எதிரே வேண்டாம். "அக்கா, இந்தத் தடுப்பு இருந்தப்ப எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். உள்ளே இருட்டாக இருக்கிறது, பீஸ் சரியாக உட்கார்ந்ததா என்று தெரியவில்லை என்பார். அப்படியானால் கம்பி வலைக்குப் பதில் உடையாத தெளிவான பாலிகார்பனேட் தகடும் ஒரு சிறு விளக்கும் தேவை. ஸ்க்ராப் சிக்கினால் நான்கு போல்ட்டையும் கழற்ற வேண்டியிருக்கிறது என்பார். அப்படியானால் கீல் வைத்த கதவும், கதவு திறந்தால் கிளட்ச் இயங்காதபடி ஒரு பூட்டும் தேவை. பெடலுக்கு மேலே மூடி இல்லாததால் கீழே விழுந்த பீஸ் ஒன்று பெடலின் மேல் பட்டு ராம் இறங்கியதையும் அவர்தான் சொல்வார். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது

விபத்து நடந்தால் பெரும் செலவாகும் என்று முதலாளியைப் பயமுறுத்துவது வழக்கமான முறை. அது எடுபடுவதில்லை, ஏனென்றால் அது முழு உண்மையில்லை என்பது அவருக்குத் தெரியும். தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் முதலாளி செலுத்துவது சம்பளத்தில் 3.25 சதவீதம். அவருடைய பட்டறையில் பத்து ஆண்டுகளாக ஒரு கீறல்கூட விழவில்லை என்றாலும் அதே 3.25, ஆண்டுக்கு மூன்று விரல் போனாலும் அதே 3.25. விபத்தைக் குறைத்தவருக்குச் சலுகையும் இல்லை, கூட்டியவருக்குச் சுமையும் இல்லை. இந்தக் குறையை மாற்றச் சொல்லித் தொழில் சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுமை முழுவதும் யார் மேல் விழுகிறது என்பதை இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஆட்காட்டி விரல் முழுவதும் போனால் உழைப்புத் திறன் இழப்பு 14 சதவீதம். கட்டை விரலுக்கு 30. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்குபவரின் நாள் கணக்கு 500 ரூபாய், இ.எஸ்.ஐ. கணக்கில் எடுப்பது அதில் 90 சதவீதம், அதாவது 450, அதில் 14 சதவீதம் 63 ரூபாய். ஆட்காட்டி விரலுக்கு வாழ்நாள் முழுவதும் மாதம் ஏறத்தாழ 1,900 ரூபாய். அந்த விரல் இல்லாமல் சட்டைப் பொத்தான் போடுவதே அவருக்குச் சிரமம், நுண்ணிய வேலைக்கு அவரை எடுக்கத் தயங்குவார்கள். இந்தக் கணக்கை முதலாளியின் முன்னால் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். பயமுறுத்தலுக்கு அசையாத பலர் இந்த 63 ரூபாயைப் பார்த்து மௌனமானதை நான் கண்டிருக்கிறேன்.

அதன் பிறகு அவருடைய நஷ்டத்தைப் பேசலாம், நேர்மையான அளவில். அடிபட்ட நாளில் அந்த இயந்திரம் நிற்கும். மற்றவர்களுக்கும் கை ஓடாது. பழகிய ஆள் போனால், புதிய ஆள் அதே எண்ணிக்கையைத் தொட வாரக்கணக்கில் ஆகும். உடைந்த டையைச் சரிசெய்ய வேண்டும். அடிபட்ட செய்தி பக்கத்து ஷெட்டுகளுக்குப் பரவினால் அந்தப் பிரஸ்ஸில் உட்கார ஆள் கிடைப்பது கடினம். ஆள் பற்றாக்குறை இருக்கும் இந்நாளில் முதலாளிகளின் மனத்தில் கடைசிக் காரணம்தான் மிகுதியாக வேலை செய்கிறது.

ஒரே ஒரு பிரஸ்ஸில் தொடங்குங்கள்

எல்லாப் பிரஸ்களையும் மாற்றச் சொல்லாதீர்கள். ஆண்டு முழுவதும் ஒரே பீஸ் ஓடும் பிரஸ் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி டை மாறும் பிரஸ்ஸில் தொடங்கினால் தோல்வி நிச்சயம். கூண்டைப் பட்டறையிலேயே இருக்கும் ஆங்கிளையும் தகட்டையும் வைத்து, அங்கேயே வெல்டிங் செய்யுங்கள். வெளியிலிருந்து வாங்கி வந்தது கழற்றப்படும். தங்கள் கையால் செய்ததைச் சரிசெய்வார்கள்.

முன்பு எண்ணிய எண்ணிக்கை உங்களிடம் இருக்கிறது. தடுப்பு போட்ட முதல் வாரம் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்; இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வாரத்துக்குத் தொழிலாளியின் பீஸ் கூலி குறையாமல் பழைய சராசரியையே கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் உறுதி வாங்குங்கள். பீஸ் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் தடுப்பைக் கழற்றுவது தொழிலாளியின் கையாகத்தான் இருக்கும். அவர் வீட்டு வாடகையை நினைத்துக் கழற்றுகிறார். கூலி முறையைத் தொடாமல் தடுப்பை மட்டும் மாட்டினால் அது நிலைக்காது.

நாளைப் பொறுத்தும் ஒரு யோசனை உண்டு. நம் பட்டறைகளில் எல்லா இயந்திரமும் ஒரே நேரத்தில் நின்று, துடைக்கப்பட்டு, பெயின்ட் அடிக்கப்படும் நாள் ஆயுத பூஜை. முதலாளியின் வீட்டாரும் குழந்தைகளும் வருவார்கள், தொழிலாளர்களும் குடும்பத்தோடு வருவார்கள். அதற்கு முந்தைய வாரத்தில் கூண்டைப் பொருத்தி முடியுங்கள். பூஜையன்று பிரஸ்ஸோடு சேர்த்து அதற்கும் பொட்டு வைத்த பிறகு அது இயந்திரத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. நான் பார்த்த சுவர்த் தடுப்புக்கும் பொட்டு வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பொட்டு வைத்திருந்தால் கழற்றத் தயங்கியிருப்பார்கள்.

டை செய்பவரிடம் போங்கள்

பாதுகாப்பைப் பற்றிப் பேசும் கூட்டங்களுக்கு யாரும் அழைக்காத ஆள் டை மேக்கர். ஆனால் விரல் உள்ளே போக வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான். தகடு பட்டையாகப் போய் ஓட்டை விழும் டை என்றால், தகடு நுழையும் இடைவெளியை 6 மில்லிமீட்டருக்குள் வைத்து, தடுப்பை டையோடு சேர்த்தே செய்துவிட முடியும். டை மாறும்போது தடுப்பும் கூடவே மாறும், தனியாகக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. ஒவ்வொரு வில்லையாக வைத்து வளைக்கும் டை என்றால், மேசை இழுப்பறை போல் கீழ்ப்பகுதி வெளியே வந்து, பீஸை வைத்ததும் உள்ளே போகும் அமைப்பைச் செய்யலாம். கை பிரஸ்ஸுக்கு வெளியிலேயே இருக்கும். சாய்வான தடம் ஒன்றில் வில்லைகளை அடுக்கி ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் முறையும் உண்டு.

டை செய்து முடித்த பிறகு இவற்றைச் சேர்ப்பது கடினம், செலவும் அதிகம். வரைபடத்திலேயே சேர்த்தால் கூடுதல் செலவு சிறிது. ஒரு வட்டாரத்தில் உள்ள டை மேக்கர்கள் பத்துப் பேரை ஒரு மாலை கூட்டி, அவர்கள் செய்த நல்ல டைகளை ஒருவருக்கொருவர் காட்டச் சொல்லுங்கள். ஐம்பது முதலாளிகளைக் கூட்டிப் பேசுவதைவிட அது பயன் தரும்.

வாங்கும் நிறுவனமும் விலைக் கடிதமும்

சிறு பட்டறை தானாக விலை வைப்பதில்லை. பெரிய நிறுவனத்துக்கோ, அதற்குப் பாகம் கொடுக்கும் நடுத்தர நிறுவனத்துக்கோ ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறது. வாகனத் துறையில் டை பெரும்பாலும் வாங்கும் நிறுவனத்தின் சொத்து. பட்டறையில் அது இருப்பது மட்டும்தான். தன் சொத்தான டைக்குத் தடுப்பு இருக்கிறதா என்று கேட்கும் உரிமையும் பொறுப்பும் அந்த நிறுவனத்துக்கு உண்டு.

அங்கே வேலை செய்பவராக நீங்கள் இருந்தால், கேட்க வேண்டியது மூன்று. டைக்கான தொகையில் தடுப்புக்கான செலவைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் மாதிரிப் பீஸை ஒப்புக்கொள்ளும்போது, தடுப்பு பொருத்திய நிலையில் பிரஸ் ஓடும் படத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தர ஆய்வுக்குப் போகும் பொறியாளர், வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறான பர் எவ்வளவு என்று அளப்பதோடு, தடுப்பு டையின் முன்னால் இருக்கிறதா என்பதையும் குறித்து வரட்டும். குருகிராம், மானேசர் வட்டாரத்தில் விரல் இழந்த தொழிலாளர்களைச் சந்தித்து, அந்தத் தகவல்களை வாகன நிறுவனங்களின் முன் ஆண்டுதோறும் வைத்துவரும் சேஃப் இன் இந்தியா அமைப்பு வலியுறுத்துவதும், விநியோகச் சங்கிலியின் அடித்தட்டு வரை பெரிய நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்பதையே.

ஒரு பட்டறையை மட்டும் மாற்றச் சொன்னால், தன் விலை மட்டும் கூடிப் போய் ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும் என்று அதன் முதலாளி அஞ்சுவார். அந்த அச்சம் நியாயமானது. எனவே ஒரே நிறுவனத்துக்குப் பாகம் கொடுக்கும் எல்லாப் பட்டறைகளையும் ஒன்றாக அழையுங்கள். இதற்கு ஒரு பழைய உதாரணம் அமெரிக்க ரயில்வே. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்று கையால் முளையைச் செருகி இணைக்கும் முறையில் எண்ணற்ற தொழிலாளர்கள் விரலையும் உயிரையும் இழந்தார்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்புக்கு ஈலை ஜேனி 1873-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அடுத்த நிறுவனத்தின் பெட்டியில் அது இல்லாவிட்டால் தன் பெட்டியில் வைத்துப் பயனில்லை என்று ஒவ்வொரு நிறுவனமும் காத்திருந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்று 1893-இல் சட்டம் வந்த பிறகுதான் அது எங்கும் பரவியது. கருவி இருந்தும் இருபது ஆண்டுகள் வீணாயின. அம்பத்தூரில் அய்மா, ஓசூரில் ஹோஸ்டியா, கோவையில் கொடிசியா போன்ற தொழில்முனைவோர் சங்கங்களால் அந்த ஒரே விதியைச் சட்டத்துக்குக் காத்திராமலே தங்கள் உறுப்பினர்களிடையே கொண்டுவர முடியும்.

சட்டத்தை எங்கே பயன்படுத்துவது

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஆபத்தான இயந்திரப் பாகங்களை வேலியிட்டு மறைக்கச் சொன்னது. 26-ஆம் பிரிவு, சுழலும் பற்சக்கரம் போன்ற பாகங்களை மூடாமல் இயந்திரத்தை விற்பவரையும் வாடகைக்கு விடுபவரையும் தண்டித்தது. ஆனால் அபராதத்தின் உச்சம் 500 ரூபாய். போபால் பேரழிவுக்குப் பிறகு 1987-இல் சேர்க்கப்பட்ட 7பி பிரிவு, இயந்திரத்தை வடிவமைப்பவரும் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் அதைப் பாதுகாப்பாக அமைக்கும் கடமையுள்ளவர்கள் என்றது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. அதே தொகுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை என்று கொள்வதற்கான ஆள் எண்ணிக்கையை 10-லிருந்து 20-ஆக உயர்த்தியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் நான் பேசும் பிரஸ்களில் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கைக்குக் கீழே உள்ள ஷெட்டுகளில்தான் ஓடுகின்றன.

ஆகவே சட்டத்தைப் பட்டறைக்காரரின் தலையில் தட்டுவதற்கு எடுக்காதீர்கள். இயந்திரம் விற்பவரிடம் பேசுவதற்கு எடுங்கள். விலைப்பட்டியல் கேட்கும்போதே தடுப்போடு சேர்த்து விலை சொல்லுங்கள் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டால் அவர் எழுத்தில் பதில் தர வேண்டும்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்களை ஆய்வுக்கு முன்பே ஆலோசனைக்கு அழைக்கத் தயங்க வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிலகப் பாதுகாப்புக்கான பயிற்சிகள் நடக்கின்றன. பட்டறையின் ஃபோர்மேனை அங்கே அனுப்பிவைப்பது முதலாளியை அனுப்புவதைவிட நல்லது.

புதிய பிரஸ் வாங்கப் பலர் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திடமோ வங்கியிடமோ கடன் பெறுகிறார்கள், மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக மானியமும் கேட்கிறார்கள். கடனுக்கான திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவர்கள் ஒளித்திரையையும் தடுப்பையும் இயந்திர விலையிலேயே சேர்த்துவிட்டால், அவை தவணையில் கரைந்துவிடும். பின்னால் தனியாகக் கையிலிருந்து எடுத்துப் போட வேண்டும் என்றால் போடவே மாட்டார்கள். பழைய பிரஸ் வாங்கியே தீர வேண்டிய நிலையில் இருப்பவரிடம், வாங்குவதற்கு முன் கிளட்ச் சாவியையும் ஸ்பிரிங்கையும் கழற்றிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பொருத்திய பிறகு

இருகைப் பொத்தான் உள்ள பிரஸ்ஸில் ஒரு பொத்தானில் தீக்குச்சியைச் செருகி வைத்து, ஒரு கையால் மட்டும் அழுத்தி ஓட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தொழிலாளியைத் திட்டுவதால் அது நிற்காது. இரண்டு பொத்தானும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தப்பட்டால் மட்டுமே ராம் இறங்க வேண்டும், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டையும் விட்டால்தான் அடுத்த அடி விழ வேண்டும் என்று மின்சுற்றை அமைத்தால் தீக்குச்சிக்கு வேலையில்லாமல் போகும். பொத்தான்களை முழங்கையாலும் தொடையாலும் அழுத்த முடியாதபடி வளையம் போட்டு மூடுவதும் அவசியம்.

டை மாற்றும் நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள். அப்போது தடுப்பு கழன்றிருக்கும், தலையும் கையும் ராமுக்கு அடியில் இருக்கும். ராமைத் தாங்கும் முட்டுக்கட்டை ஒன்று ஒவ்வொரு பிரஸ்ஸின் பக்கத்திலும் சங்கிலியில் தொங்க வேண்டும். அதை இருப்பிடத்திலிருந்து எடுத்தவுடன் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும்படி ஒரு பிளக்கைச் சேர்த்துவிட்டால், மறதிக்கு இடமிருக்காது. ஃப்ளைவீல் முழுவதும் நின்ற பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும் என்பதை டை செட்டருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து, சொல்லாமல் ஒரு நாள் போங்கள். யாரிடமும் எதுவும் கேட்கும் முன் தடுப்பின் போல்ட் தலைகளைப் பாருங்கள். எண்ணெயும் தூசியும் படிந்து மங்கியிருந்தால் அது கழற்றப்படவில்லை. முனைகள் தேய்ந்து பளபளவென்று இருந்தால், தினமும் ஸ்பேனர் படுகிறது என்று பொருள். ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டு, எதற்காகக் கழற்றுகிறார்கள் என்று மறுபடியும் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள்.